முகம் வாடப் பொறுக்காதவர்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்கு ஒரு பதவிப் பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பேராசிரியர் முதல் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற அம்மாள் வரை எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்பேனரும் ஒரு சீப்பும் இருக்கும். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகம் கொஞ்சம் வாடினாலும் அவருக்குப் பொறுக்காது. அதைச் சரிசெய்ய என்ன வேண்டுமானாலும் செய்வார். என்ன வேண்டுமானாலும் என்பதன் அர்த்தம் எனக்குப் புரிய மூன்று வருடம் ஆயிற்று.

கல்லூரி ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மேற்கு மலையைப் பார்த்தபடி இருந்தது. எனக்கு ராஜபாளையம். தினமும் பஸ்ஸில் போய்வந்து முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

நான் சேர்ந்த புதிதில் ஒன்று நடந்தது. அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் அம்மா ஒரு பழைய டிரான்சிஸ்டர் வைத்திருந்தார். இறந்துபோன கணவருடையது. மதியச் சாப்பாட்டின்போது அதில் பாட்டுக் கேட்பார். ஒருநாள் அது மேசையிலிருந்து விழுந்து வாயடைத்துப் போயிற்று. அந்த அம்மா சாப்பிடாமல் டப்பாவை மூடி வைத்துவிட்டார். அண்ணன் டிரான்சிஸ்டரை வாங்கிப் பார்த்து, இரண்டு வாரத்தில் சரிசெய்துவிடலாம் என்றார். சொன்னபடியே கொண்டுவந்தார். பாட்டு வந்ததும் அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது.

பிறகு ஆய்வகத்தில் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "உள்ள ஒண்ணுமே பழசு இல்ல பாப்பா. போர்டு ஒடஞ்சுபோச்சு. மதுரையில ரெண்டு ஞாயித்துக்கெழம அலஞ்சு இதே மாடல் ஒண்ணு பிடிச்சேன். குமிழும் தோலுறையும் மட்டுந்தான் அவிய வீட்டுக்காரரோடது."

தப்பில்லையா என்று கேட்டேன். "அந்தம்மா மொகத்தப் பாத்தேல்ல?" என்றார்.

நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். பஞ்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அப்பா. பழுதான எதையும் தூக்கிப் போட மனம் வராதவர். அவரும் தலையை ஆட்டி, நல்ல மனுசன் என்றார். அந்த அம்மா இன்றும் அந்தப் பெட்டியைக் கணவர் தொட்டது என்று நினைத்துத்தான் வைத்திருப்பார்.

அண்ணனுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஆனாலும் யாராவது பால்கோவா நீட்டினால் வேண்டாம் என்று சொன்னதில்லை. வாங்கித் தின்றுவிட்டு, இரவு மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கொள்வார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆடித் தேருக்கு வந்தாயா என்று யாராவது ஆசையாகக் கேட்டால், வடம் பிடித்தேன் என்று சொல்லிவிடுவார். ஒரு மாணவன் வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் பயந்து நடுங்கியபோது, பேராசிரியர் உன்னைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசினார் என்று தட்டிக்கொடுத்தார். பேராசிரியர் அப்படி எதுவும் பேசவில்லை. அந்தத் தெம்பில் பையன் படிக்காமல் போய்த் தோற்றான். அண்ணன் அவனைக் கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கிக்கொடுத்தார். பையன் தேறிவிட்டானா என்று நான் கேட்டபோது, இப்போது சிரித்துவிட்டான் என்றார். அந்தப் பதில் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் அதை அதற்கு மேல் யோசிக்கவில்லை.

எங்கள் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். எரிபொருளை நெருப்பு வைத்து எரிக்காமல் அதிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் பீங்கான் வில்லை ஒன்று உண்டு. ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றுப் பெரியது. அதை நாங்கள் செல் என்போம். உலைக்குள் எழுநூறு, எண்ணூறு டிகிரி சூட்டில் வைத்து, ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் வாயுவும் செலுத்தினால் கம்பியில் மின்சாரம் வரும். வாயு படுகிற பக்கத்தில் நிக்கல் பூசியிருக்கும். வாயுவை உடைத்து வேலை வாங்குவது அந்த நிக்கல்தான், அதுதான் வினையூக்கி. ஹைட்ரஜன் விட்டால் மாதக்கணக்கில் ஓடும். ஆனால் ஊரில் ஹைட்ரஜனுக்கு எங்கே போவது? சாண எரிவாயுவில் ஓடினால் மாடு இருக்கிற வீடெல்லாம் விளக்கு எரியும். அங்கேதான் சிக்கல். சாண வாயுவில் கரி இருக்கிறது. நிக்கல் அந்தக் கரியை மயிரிழை மயிரிழையாகத் தன்மேல் வளர்த்துக்கொள்ளும். இரண்டே நாளில் மூச்சடைத்து, வெடித்துப் பொடியாகிவிடும். நிக்கலோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் கரி பிடிக்காது என்று நிரூபிப்பதுதான் என் ஆராய்ச்சி.

வாயுவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடும் ஒரு அக்காவின் வீட்டைப் பிடித்தது அண்ணன்தான். பன்னிரண்டு மாடு, பின்கட்டில் சாணவாயுத் தொட்டி. கோவா கிண்டுவது விறகடுப்பில். வீட்டுச் சமையல் இந்த வாயுவில். ஆராய்ச்சி முடிகிறவரைக்கும் வாயுவை எங்களுக்குத் தந்துவிட்டு, வீட்டுச் சமையலையும் விறகுக்கு மாற்றிக்கொள்வதாக அந்த அக்கா ஒப்புக்கொண்டார். காலையில் அண்ணன் தன் டி.வி.எஸ்ஸில் ஊதிய தலையணை மாதிரி ஒரு பெரிய ரப்பர் பையைக் கட்டிக்கொண்டு வருவார். வழியில் பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

முதல் வருடத்தில் ஐந்து செல்கள் செத்தன. மூன்றாவது செல்லைத் திறந்தபோது கறுப்புப் பொடி மடியில் கொட்டியது. ஐந்தாவது செத்த அன்று நான் உலைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். ஊரில் கல்யாணப் பேச்சு எடுத்திருந்தார்கள். இன்னும் எத்தனை காலம் படிப்பு என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டிருந்தார்கள். அண்ணன் உலையை அணைத்துவிட்டு, தூரத்தில் நின்றபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறாவது தாக்குப்பிடிச்சு நின்னுரும் பாப்பா," என்றார்.

ஆறாவது நின்றது.

ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். கணினித் திரையில் கோடு ஏறாமல் இறங்காமல் நேரே போய்க்கொண்டிருந்தது. ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் செத்திருக்குமோ என்ற நினைப்புதான். ஆய்வகத்துக்குள் நுழைந்து திரையைப் பார்த்ததும்தான் மூச்சு வரும். பதினைந்தாம் நாள் பேராசிரியர் எல்லாருக்கும் காபி சொன்னார். பால்கோவா அக்கா குடும்பத்தோடு வந்தார். அண்ணன் செல்லின் கம்பியில், மின்னழுத்தத்தைக் கூட்டும் சின்னச் சுற்று ஒன்றை வைத்து, ஒரு எல்.இ.டி. விளக்கைக் கோத்துக் காட்டினார். "நம்ம மாடு போட்ட சாணிதானா இது?" என்று அந்த அக்கா கேட்டார். "வேற எதுக்கா? ஒங்க லெச்சுமியும் செவலையும்தான் எரியுது," என்றார் அண்ணன். அந்த அக்கா விளக்கைப் பார்த்துக் கும்பிட்டார்.

செல்லிலிருந்து வெளியேறும் வாயு, ஒரு கண்ணாடிக் குப்பியில் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் குமிழ் விட்டுப் போகும்படி வைத்திருந்தேன். சாண வாயுவில் இருக்கும் கரியமில வாயு பட்டால் சுண்ணாம்புத் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சோதனை. இருபதாம் நாள் காலையில் கவனித்தேன். குமிழ் வருகிறது, தண்ணீர் தெளிவாக இருக்கிறது.

அண்ணனிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "ரொம்ப நேரம் போனா வெளுத்த தண்ணி திரும்பத் தெளிஞ்சிரும்ல பாப்பா? நீதான ஒருநா சொன்ன?" என்றார்.

அது உண்மை. கரியமில வாயு அளவுக்கு மேல் போனால் வெளுத்தது மறுபடி தெளியும். நானே சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு நிமிடம் செலவழித்துப் புதுச் சுண்ணாம்புத் தண்ணீர் மாற்றி வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவர் சொன்னது எனக்கு வேண்டிய பதிலாக இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஒரு நிமிடத்துக்காக என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

ஒரு மாதம் முடிந்து செல்லைத் திறந்தோம். நுண்ணோக்கியில் ஒரு துளி கரி இல்லை. தேய்த்துக் கழுவிய பாத்திரம் மாதிரி இருந்தது. கட்டுரை எழுதினோம், அச்சில் வந்தது. பேராசிரியர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர். கீழே நன்றியில் அண்ணனின் பெயரைப் போட்டேன். அதைக் காட்டியபோது அவர் முகம் மலரவில்லை. தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, எதற்கு இதெல்லாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடக்கம் என்று நினைத்தேன்.

கோயம்புத்தூரில் வேறொரு ஆய்வகத்தில் ரம்யா என்ற பெண் எங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அதே செல்லைச் செய்து பார்க்கத் தொடங்கினாள். அவளுக்கு மூன்றாம் நாளே கரி பிடித்தது. எனக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். வெள்ளீயத்தை எப்படிச் சேர்த்தீர்கள், எந்தச் சூட்டில் சுட்டீர்கள் என்று கேட்டாள். விவரமாகப் பதில் எழுதினேன். மறுபடி செய்தாள், மறுபடி கரி. எட்டு மாதம் இப்படிப் போயிற்று. கடைசியில் நான் கொஞ்சம் அலுப்போடு, உங்கள் பொடி தயாரிப்பில் சுத்தம் போதவில்லை என்று நினைக்கிறேன் என்று எழுதினேன். அந்த வரியை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் நேரிலேயே கிளம்பி வந்துவிட்டாள். சின்னப் பெண். கண்ணைச் சுற்றிக் கருவளையம். பையில் தன் செத்த செல்கள் ஏழையும் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். "நீங்க ஓட்டுறத ஒருக்கா கண்ணுல பாத்துட்டுப் போயிடறனுங்க அக்கா. எங்க தப்பு பண்றேன்னு தெரிஞ்சாப் போதுங்க," என்றாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். உடனே உலையைப் பற்ற வைத்தார்.

இரண்டு பெண்களுமாக ஒரு வாரம் மாற்றி மாற்றி உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். வாயுக் குழாய் சுவரைத் துளைத்து உள்ளே வரும். சிலிண்டர்களும் ரப்பர் பையும் பாதுகாப்புக்காகச் சுவருக்கு வெளியே கம்பிக் கூண்டில் இருக்கும். எல்லா செல்லுக்கும் முதலில் ஹைட்ரஜன் விட்டு நிக்கலைத் தயார் செய்ய வேண்டும் என்பதால் ஹைட்ரஜன் சிலிண்டரும், குழாயைச் சுத்தம் செய்ய நைட்ரஜன் சிலிண்டரும் அங்கேயே உண்டு. கூண்டின் சாவி அண்ணனிடம்.

ஐந்தாம் நாள் மதியம். கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. நான் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தேன். ரம்யா குப்பியைக் கழுவிப் புதுச் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, கைகட்டி அதன் முன்னால் நின்றிருந்தாள். என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள். குமிழ் வந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடம் பார்த்தோம். பத்து நிமிடம் பார்த்தோம். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஒரு துளி வெளுப்பு இல்லை.

கரியே இல்லாத வாயுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கரியில்லாமல் மின்சாரமும் தரும் வாயு அந்தக் கூண்டில் ஒன்றுதான் இருந்தது: ஹைட்ரஜன்.

நான் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரம்யா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா அக்கா?" என்று கேட்டாள். கோபமே இல்லாத குரல். இல்லை என்று சொன்னேன். அவள் நம்பினாளா என்பது எனக்குத் தெரியவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அவள் ஏழு செல்களையும் திரும்பப் பஞ்சில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அண்ணன் கூண்டுக்குப் பக்கத்தில் பழைய வால்வு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுக்கவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டாம் நா சாயந்தரமே வோல்டேஜ் எறங்க ஆரம்பிச்சிருச்சு பாப்பா. நீ அப்பந்தான் பஸ்ஸுக்குப் போன. அஞ்சாவது செத்தன்னைக்கு நீ அழுதது எனக்குக் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. சரி, ஒரு ராத்திரிக்கு ஹைட்ரஜன விடுவோம், காலையில நெசத்தச் சொல்லிருவோம்னுதான் வால்வத் திருப்புனேன். காலையில நீ வந்து தெரையப் பாத்துட்டுச் சிரிச்ச பாரு..."

ஒரு மாதம் முழுக்கவா என்று கேட்டேன். முழுக்க என்றார். ஹைட்ரஜனோடு நைட்ரஜனைக் கலந்து, கோட்டில் மேடுபள்ளம் தெரியாதபடி ஒவ்வொரு நாளும் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வேலையை அவரைப்போல அத்தனை நுணுக்கமாக வேறு யாராலும் செய்திருக்க முடியாது. மனம் இளகி ஒரு தரம் வால்வைத் திருப்பியதைப் புரிந்துகொள்ள முடிந்தது. முப்பது நாளும் கணக்காக நின்று திருப்பியதைப் புரிந்துகொள்ள முடியவில்லை.

அப்படியானால் பையில் வந்த சாணவாயு என்னாயிற்று என்று கேட்டேன். கூண்டுக்குப் பின்னால் திறந்து காற்றில் விட்டதாகச் சொன்னார்.

"எப்பிடியும் அடுத்தது, அதுக்கடுத்தது நெசமாவே நின்னுரும்னு நெனச்சேன். நீ கெட்டிக்காரி. நின்னுட்டா, மொத ஒண்ணு பொய்யின்னு யாருக்குத் தெரியப்போவுது?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக, "பேப்பர் வந்துருச்சுல்ல பாப்பா. யாரும் கேக்க மாட்டாக. அந்தப் புள்ளகிட்டயும் நான் பேசிக்கிருதேன்," என்றார்.

"ஒண்ணும் பேச வேண்டாம்ணே," என்று சொன்னேன். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பேராசிரியரிடம் சொன்னேன். இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்றார். ஓட்டினேன். இந்த முறை கூண்டுச் சாவி என்னிடம். மூன்றாம் நாள் கோடு சரிந்தது. உடைத்துப் பார்த்தால் கறுப்பு. அதன் பிறகு கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். துறையில் பாதிப் பேர் என்னைத்தான் சந்தேகப்பட்டார்கள். அண்ணன்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்கிறாள் என்று பேச்சு. அவரைப் போன்ற ஒரு நல்லவரைப் பற்றி அப்படிச் சொல்ல எப்படி மனம் வந்தது என்று டிரான்சிஸ்டர் வைத்திருந்த அம்மா என்னிடமே கேட்டார். அந்தப் பெட்டியின் கதையைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அண்ணனுடைய நோய் எனக்கும் கொஞ்சம் தொற்றியிருந்தது போல.

மாப்பிள்ளை வீட்டில் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

பால்கோவா அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவருடைய கையில் கரண்டி, அடுப்பில் கோவா. கிண்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். செல் என்ன, நிக்கல் என்ன என்பதெல்லாம் அவருக்கு முக்கியமாகப் படவில்லை. "அன்னைக்கு எரிஞ்சது நம்ம மாட்டுக் கேஸு இல்லையா?" என்று ஒரு தரம் கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு வருசத்துக்கு மேல பொகையில கெடந்து சமைச்சேன் தாயி. எம் மாமியாளுக்கு மூச்சு இழுப்பு. அம்புட்டையும் அந்த ஆளு காத்துலயா தெறந்து விட்டான்? எங்க வீட்டுல ஒக்காந்து சாப்புட்டானே?" என்றார். கரண்டி அடிபிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. வழக்கமாக எனக்கு ஒரு பொட்டலம் கட்டித் தருவார். அன்றைக்குத் தரவில்லை.

ரம்யா ஆராய்ச்சியை விட்டுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறாள். எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் திட்டவில்லை. "உங்களை நம்புனதுல என் கைய நானே நம்பாமப் போயிட்டனுங்க அக்கா. அது மட்டுந்தான் இன்னும் சரியாக மாட்டேங்குது," என்றாள். என்னை இதுவரை யாரும் சொன்னதில் மிகவும் வலித்தது அந்தச் சொல்தான்.

அண்ணன் வேலையை விட்டுவிட்டார். யாரும் அனுப்பவில்லை, அவரே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். வெள்ளீயத்தின் அளவை மாற்றி, சுடும் விதத்தை மாற்றி, இன்னும் இரண்டரை வருடம் உழைத்தேன். ஒவ்வொரு நாளும் புதுச் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றினேன். கடைசியில் என் செல் உண்மையான சாணவாயுவில் பதினோரு நாள் நின்றது. பன்னிரண்டாம் நாள் செத்தது. உலகத்தில் யாரும் அதைப் பெரிய விஷயமாகப் பேசப் போவதில்லை. ஆனால் அந்தப் பதினோரு நாளும் என்னுடையவை.

ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுக்கும் நேரம் வந்தது. முதல் பக்கத்தில் அப்பாவுக்குக் காணிக்கை எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்துப் பார்த்தபோது கை அப்படியே நின்றுவிட்டது.

அப்பா இறந்தது கட்டுரை வெளிவந்த சில மாதங்களில். ஒரு நாள் பகலில் வீட்டில் மயங்கி விழுந்தார். தம்பி ராணுவத்தில், வடக்கே எங்கோ இருந்தான். நான் கல்லூரியில் இருந்தேன். அண்ணன் அன்று விடுப்பில், ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சோழபுரத்தில் தன் வீட்டில் இருந்தார். செய்தி வந்ததும் அவருக்குப் போன் செய்தேன். நான் போய்ச் சேர்வதற்கு முன்னால் அவர் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அம்மா மருந்து வாங்கக் கீழே இறங்கியிருந்த நேரத்தில் அப்பாவின் உயிர் போயிற்று. பக்கத்தில் அண்ணன் மட்டும்தான். நான் ஓடி வந்தபோது அவர்தான் என்னைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: எம் பொண்ணு பட்டம் வாங்குறத நான் பாத்த மாதிரித்தான்னு சொல்லிட்டுக் கண்ண மூடுனாரு பாப்பா, என்று.

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் பிழைத்துக் கிடந்தேன். தம்பிக்குப் போனில் சொன்னேன். முதலாம் ஆண்டு நினைவஞ்சலியில் அப்பாவின் படத்துக்குக் கீழே போட்டோம். அம்மா அதை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். இப்போது ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அதுதான் இருந்தது. அந்த ஆய்வேட்டில் நானே சோதித்துப் பார்க்காத ஒரு வரிகூட இருக்கக் கூடாது என்று சபதம் மாதிரி வைத்திருந்தேன். இந்த ஒரு வரியை நான் எங்கே வைத்துச் சோதிப்பது?

சோழபுரத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். வீட்டு முற்றத்தில் சாக்கு விரித்து, யாருடைய தோட்டத்து மோட்டாரையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார். அவர் மனைவி நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போனார். பதினோரு நாள் நின்றது என்று கேள்விப்பட்டதாக அண்ணன் சொன்னார். நான் அதைப் பற்றிப் பேச வரவில்லை என்றேன்.

"அப்பா கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். எந்தப் பதில் எனக்கு வேண்டும் என்று தேடுகிற அந்தப் பார்வையை எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். நான் நாற்காலியிலிருந்து எழுந்து, அவருக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்க்க நின்றுகொண்டேன். அப்படியே மறுபடி கேட்டேன்.

ஒரு திருகாணி சாக்கில் விழுந்தது கேட்டது.

"பேசல பாப்பா," என்றார். "வாய் ஒருபக்கம் கோணிப்போச்சு. பேச்சு வரல. என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. கண்ணு மட்டும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்துச்சு."

நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டேன்.

"ஒங்க மக வந்துட்டா, கீழ படியேறிட்டு இருக்கான்னு சொன்னேன். பொறவு கொஞ்ச நேரத்துல கை தளந்துபோச்சு."

அந்த நேரத்தில் நான் கல்லூரி வாசலில் பஸ் வராமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா என் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார்.

அழுகை வந்தது. அதை அவர் பார்க்கக் கூடாது என்று திரும்பாமலே நின்றேன். பின்னால் அவர் எழுந்து நிற்பது தெரிந்தது. கிட்டே வரவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் போய்வருகிறேன் என்று சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தேன். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தம்பியிடம் சொல்லிவிட்டேன். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இப்போது அப்பாவின் பெயர் மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே நான் எதையும் எழுதவில்லை.